லில்லி அக்கா சொல்லி முடித்த சாட்சி

செய்தி வந்தபோது என் கையில் ஒரு பச்சைச் சட்டை இருந்தது. காலர் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அந்த இடத்தில், அம்புக்குறி வடிவத்தில் இருக்கிற சிவப்பு ஏரோ ஸ்டிக்கரை ஒட்டப் போனேன். எங்கள் கம்பெனியில் ஷிப்ட் முடியும் வரை போன் லாக்கரில்தான் கிடக்கும். அதனால் லில்லி அக்காவின் வீட்டுக்காரர் டேவிட் அண்ணன் ஆபீஸ் நம்பருக்கு அழைத்திருக்கிறார். எப்போதும் கத்துகிற சூப்பர்வைசர் அம்மா அன்றைக்கு என் பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, "கலா, லில்லி போயிட்டாம்மா. இப்பதான் போன் வந்துச்சு" என்றார். நான் "சரிங்க மேடம்" என்றேன். ஸ்டிக்கரை ஒட்டினேன். அடுத்த சட்டையை எடுத்தேன். வீட்டுக்குப் போக பர்மிஷன் கேட்க வேண்டும் என்பதே அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் சரியென்று தள்ளிய சட்டைகளில் நான்கு மறுநாள் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு லில்லி அக்காவை வெள்ளானூர் சபையில் தெரியும். ஷீட் போட்ட ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வேர்த்து வருகிறவர்களுக்கு இடம் விட்டுக்கொடுப்பவராக. சிலருக்கு ஒரு வீடியோவில் பார்த்த முகமாக மட்டும் தெரியும். எனக்கு அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது வருடம் ஒரே செக்கிங் டேபிளில் என் இடப்பக்கம் நின்றவர். தைத்து வரும் துணியை விளக்குக்குக் கீழே விரித்து, கோணல் தையல், விட்ட தையல், எண்ணெய்க் கறை என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் ஏரோ ஒட்டித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் எந்தப் பெண் தைத்தது என்று மேலே கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு முறை சூப்பர்வைசர் விடாப்பிடியாகக் கேட்டபோது, "தப்ப காட்டுறதுதாம்மா என் வேல. தச்சவள காட்டுறது இல்ல" என்றார். தையல் லைனில் இருந்த பெண்கள் அதற்குப் பிறகு டீ நேரத்தில் அக்காவுக்கென்று பலகாரம் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

என்னைச் சபைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். என் கணவர் பூந்தமல்லி போகிற வழியில் பைக்கோடு விழுந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். ஜெபம் செய்வார். கிளம்பும் முன் தொட்டியில் கிடக்கிற பாத்திரங்களைத் துலக்கிவிட்டுப் போவார். கணவர் எழுந்து நடந்தார். நான் ஞானஸ்நானம் எடுத்தேன். தலைமுறை தலைமுறையாக வெள்ளானூரில் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. நான் மதம் மாறினேன் என்று என் சித்தப்பா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த இயேசு கேட்டால் கொடுப்பவர், அவ்வளவுதான். கேட்டேன், கொடுத்தார், கைதட்டினேன். புதிதாக வந்தவளுக்கு ஆர்வக்கோளாறு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அக்காவின் மார்பில் கட்டி வந்தது, ஆபரேஷன் நடந்தது, முடி கொட்டியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மருந்தெல்லாம் ஏற்றி முடித்தபின் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தென்படவில்லை. மறுநாள் டேபிளில் அக்கா அதைச் சொன்னதும் நான் சட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தேன். "அக்கா, இந்த மாசம் சாட்சி சொல்லிடுங்க" என்றேன்.

"மூணு மாசம் போவட்டும்டி. திரும்பப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிகீறாரு" என்றார் அக்கா.

"அது அவிசுவாசம்க்கா" என்றேன் நான். சபைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள், பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறவரைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அக்கா அடுத்த சட்டையை விளக்குக்குக் கீழே விரித்தார். நானே பாஸ்டரிடம் போய் அவர் பெயரைக் கொடுத்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி நேரம். அக்கா மைக்கைப் பிடித்து, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. கர்த்தருக்குத் தோத்திரம். ஆனா டாக்டர் இன்னா சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் ஒருவர் "அல்லேலூயா" என்று கத்திக் கைதட்டினார். ஹால் முழுக்கத் தட்டியது. கீபோர்டு ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்து பாடினார்கள். வீடியோவில் பாருங்கள், அக்காவின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருக்கும். சத்தம் கேட்காது. பிறகு அவர் சிரித்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுப்பார். முதலில் கத்தியது நான். இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவும் யாரிடமும் சொல்லவில்லை.

"புற்றுநோய் மறைந்தது" என்று தலைப்புப் போட்டு அந்த வீடியோவை ஏற்றினார்கள். எங்கள் சபை வீடியோக்களை வழக்கமாக நாங்கள்தான் பார்ப்போம். இது மட்டும் எங்கெங்கோ போனது. திருமழிசையில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, அது சுற்றிச் சுற்றி எங்கள் கம்பெனி கேன்டீன் அம்மாவின் போனுக்கே வந்து சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நோய் எலும்பில் இருந்தது.

அதன்பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஒரே டேபிளில் நின்றுகொண்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். சபையிலும் ஏதோ மாறிவிட்டது. யாரும் தப்பாகப் பேசவில்லை, ஆனால் பக்கத்தில் வந்து உட்காருவது குறைந்தது. ஒரு அம்மா மட்டும், "சாட்சி சொன்னப்புறம் வந்திருக்குன்னா எங்கயோ சாத்தானுக்குக் கதவு தெறந்து வுட்டிருக்கே லில்லி, யோசிச்சுப் பாரு" என்று நேராகவே சொன்னார். அக்கா அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில், "இன்னாடி, நீயும் மூஞ்சத் திருப்பிகினு போற? நீ இல்லாம யாராண்ட நான் பொலம்புறது?" என்றார். ரோட்டில் நின்றுகொண்டே நான் அழுதேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்தார்.

அப்போதுதான் சுமதியைப் பற்றிய போன் வந்தது. சென்னீர்குப்பத்தில் இருக்கிற சுமதிக்கும் அதே நோய். வீடியோவைப் பார்த்துவிட்டு, எனக்கும் அதே தேவன்தானே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. அவளுடைய கணவர் பயந்துபோய், வீடியோவின் கீழே இருந்த நம்பருக்கு அழைத்து, அந்த அக்கா வந்து ஜெபிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பாஸ்டர் சந்தோஷமாக அக்காவிடம் சொன்னார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நாளே என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதுகெலும்பில் வலி, ஷேர் ஆட்டோ ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சுமதிக்கு என் வயதுதான் இருக்கும். அக்காவைப் பார்த்ததும் காலில் விழப் போனாள். அக்கா அவளைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், "எனக்கு சரியாவலம்மா. திரும்ப வந்துடுச்சு. நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

சுமதிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப அதுல சொன்னது பொய்யா?" என்றாள்.

"பொய் இல்ல. பாதி. மீதிய சொல்றதுக்குள்ள முடிச்சிட்டேன்."

முடித்துவிட்டேன் என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முடிக்கவைத்தவள் இவள் என்று என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. சுமதி எழுந்துகொண்டாள். "வீடியோல நல்லாத்தானே இருந்தீங்க? உங்களுக்கு விசுவாசம் இல்லாமப் போச்சுன்னா என்னையும் ஏன் இழுக்குறீங்க?" என்று கத்தினாள். அவள் கணவர் எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, கைகூப்பினார். திரும்பும் வழியில் அக்கா, "நேர்ல கீறவள நம்பல, போன்ல கீறவள நம்புறா. அப்ப போன்லயே போயி சொல்லணும்" என்றார்.

மறுபடியும் சாட்சி நேரத்தில் நிற்க வேண்டும், அதையும் வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்று அக்கா கேட்டபோது பாஸ்டர் தயங்கினார். அவர் நல்ல மனிதர். நான் குறையாகச் சொல்லவில்லை. "விசுவாசிகள் இடறிப்போவாங்களேம்மா. தேவனுடைய மகிமைக்குக் குறைச்சல் வந்துடுமே" என்றார். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அவர் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ஐயா, சாவ ஜெயிச்சு எழுந்து வந்தவரு, கையில தழும்போட வந்தாரா இல்லையா? மகிமையா வந்தாருன்னுதானே பிரசங்கம் பண்றீங்க? அத மறைச்சிகினா வந்தாரு? தொட்டுப் பாருன்னு காட்டினாரு. எங்க டேபிள்ல வந்திருந்தா ஏரோ ஒட்டி அவரையே திருப்பி அனுப்பிருப்போம். என் தழும்ப மறைச்சுத்தான் அவருக்கு மகிமை வரணும்னா, அந்த மகிமை எனக்கு வேணாம் ஐயா."

பாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, "வர்ற ஞாயிறு மைக் உங்களுக்கும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த இரண்டாவது சாட்சியை என் போனில் நான்தான் எடுத்தேன். அக்காவால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துகொண்டே பேசினார். "போன தபா நான் சொன்னது பாதி. டாக்டர் மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும்னு சொன்னாரு. பார்த்தாங்க. எலும்புல வந்துகீது. எனக்கு சுகமாவல. ஆவுமான்னு தெரியாது. என்னப் பார்த்துட்டு யாரும் மருந்த நிறுத்தாதீங்க. இயேசு மகிமையுள்ளவரு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. எனக்கு சரியானாத்தான் அவரு மகிமையுள்ளவருன்னா, அவரு என் ஸ்கேன் ரிப்போர்ட்ட விட சின்னவராயிடுவாரு. அவ்ளோதான். முதுகு வலிக்குது, போறேன்." யாரும் கைதட்டவில்லை. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். கதவு திறந்து விட்டிருக்கிறாய் என்று சொன்ன அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

அதையும் ஏற்றினார்கள். பழையது போன இடத்துக்கெல்லாம் புதியது போகவில்லை. நானே அதை சுமதியின் கணவருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

கடைசி மாதங்களில் அக்கா நம்பிக்கையோடு புன்னகைத்துக்கொண்டே இருந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் அது இன்னொரு பாதிச் சாட்சியாகிவிடும். எந்த மருந்துக்கும் வலி அடங்கவில்லை. வலி வரும்போது அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து போர்ஷன் குழந்தை அழும். டேவிட் அண்ணன் கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்வார். ஒரு மத்தியானம் நான் ஜெபிக்க ஆரம்பித்தபோது, "வேணாம்டி, சும்மா உக்காரு. எனக்கு ஒண்ணுமே தெரியல. எல்லாம் இருட்டா கீது" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. அக்காவுக்கே நம்பிக்கை இல்லையென்றால் எனக்கு எங்கிருந்து வரும்?

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "மலமேல இயேசு வெளிச்சமா மாறினாரே, அத மூணு பேர்தான் பார்த்தாங்க. கீழ எறங்கும்போது அந்த வெளிச்சம் கூட வரல. பார்த்தத வெச்சிகினு மீதி வழிய நடந்தாங்க. நான் அதையும் பாக்கலடி. பார்த்தவங்க சொன்னத வெச்சிகினு நடக்குறேன். அது போதுமான்னு கேக்காத. வேற இல்ல."

அன்றைக்குத்தான் தலைமாட்டில் இருந்த வேதப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அதன் உறைக்குள் ஒரு பழைய ஏரோ ஸ்டிக்கர் ஷீட் இருந்தது, பாதி தீர்ந்தது. எப்போதோ ஏப்ரன் பையில் மறந்து வீட்டுக்கு வந்துவிட்டதாம். "கம்பெனி சொத்த திருடிட்டேன்னு மேடத்தாண்ட சொல்லிடாத" என்று சிரித்தார். பிறகு ஷீட்டை என்னிடம் கொடுத்து, இடது மார்பு இருந்த இடத்தில், அக்குள் வரை ஓடுகிற தழும்பைக் காட்டி, "என்ன குளிப்பாட்டும்போது நீ இருப்பல்ல? இங்க ஒண்ணு ஒட்டிடு" என்றார்.

"எதுக்குக்கா? சரி பண்ணச் சொல்றதுக்கா?"

"ச்சீ, அதுக்கில்ல. அவரு தழும்ப அவரு வெச்சிகினாரு. எனக்கும் அது அங்க இருக்கணும். இது இல்லன்னா, அங்க வந்து என்ன எப்படிடி கண்டுபுடிப்ப? மறந்துடாத. கோணலா ஒட்டாத."

அவர் போன அன்று பர்மிஷன் வாங்கி, லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, வழியில் என் வீட்டுக்குப் போய் அந்த ஷீட்டை எடுத்துக்கொண்டேன். சபைப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அக்காவைக் குளிப்பாட்டினோம். துண்டால் துடைத்த பின் மற்றவர்களைச் சற்றுத் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். தழும்பு ஈரமாக இருந்ததால் முதல் ஸ்டிக்கர் நிற்கவில்லை. மறுபடி துடைத்து, இரண்டாவதை நேராக ஒட்டினேன். நம்பி ஒட்டினேன் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒன்றுமே இல்லை. மலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அக்கா சொன்னார், ஒட்டினேன். அதன்மேல் வெள்ளைப் புடவையைக் கட்டினோம்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைகிற நேரத்தில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் என்னிடம் வந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. சுமதி. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். தாமதமாகிவிட்டது, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அக்காவைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வந்தாளோ என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. "போன மாசம் லில்லி அக்கா போன் பண்ணாங்க. செவ்வாய்க்கெழம மருந்து ஏத்துறதுக்கு தொணைக்கு கலா வருவான்னு சொன்னாங்க. நீங்கதானே கலா?" என்றாள். என்னிடம் அக்கா இதைச் சொல்லவே இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், அது அவருக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான். ஐந்து ஸ்டிக்கர் மிச்சம் இருக்கிற ஒரு ஷீட். என் போனில் ஒரு வீடியோ. தப்பைக் காட்டு, தைத்தவளைக் காட்டாதே என்று அவர் சொன்னது. அதில் பாதியை மட்டும் இன்று மீறுகிறேன். அன்றைக்குக் கத்தியவள் நான்தான், நீங்கள் யாரும் இல்லை. பிறகு, சுமதி.

போன செவ்வாய் லீவு போட்டு அவளோடு போனேன். அவள் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நான். "கலாக்கா, எனக்கு சரியாயிடுமா?" என்று கேட்டாள். கண்டிப்பா சரியாயிடும் என்று எனக்குப் பழக்கமான வார்த்தை வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "தெரியலம்மா" என்றேன். அவள் தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். வலியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, எவ்வளவு பயமாக இருக்கிறது என்பதைப் பற்றி. நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.